சீருடை போட்ட மருத்துவம்: மகனை, மகளை எந்த வழியில் அனுப்புவது?

நீட் ரிசல்ட் வருகிற வாரத்தில் எங்கள் வீட்டுப் போன் ஓய்வதே இல்லை. என் மகள் ராணுவத்தில் டாக்டர், அக்கா மகன் அதே ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்ட், எதிர்வீட்டுப் பெண் மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் லெப்டினன்ட். எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்கள் உண்டு, ராணுவம் என்றால் யாரும் மிரளுவதில்லை. ஆனால் ராணுவ மருத்துவம் என்றதும் எல்லாருக்கும் குழப்பம் வந்துவிடுகிறது. போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, பையன் பூனா ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு எழுதலாமா, இல்லை இங்கேயே கவர்ன்மென்ட் காலேஜில் படித்துவிட்டு அப்புறம் போகலாமா? ஃபீஸ் இல்லை என்கிறார்களே." அதே நாள் சாயங்காலம் இன்னொரு அம்மா, மகளை ராணுவ நர்சிங்கில் சேர்த்தால் கல்யாணம் செய்ய விடமாட்டார்களாமே என்று அழாத குறையாகக் கேட்டார்.

தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எதையாவது விட்டுவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். இது பெற்றோருக்காக எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது பற்றியது இல்லை. எந்த வழியில் போனால் பிள்ளைக்கு என்ன, வீட்டுக்கு என்ன, அதுதான் விஷயம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

எல்லாரும் ஃபீஸை வைத்து அளக்கிறார்கள். நான் அதை நாலாவது இடத்தில்தான் வைப்பேன்.

முதல் கேள்வி, பிள்ளை எந்த வயதில் கையெழுத்துப் போடுகிறது என்பது. பதினெட்டு வயதில் இருபது வருஷத்துக்குச் சம்மதம் சொல்வதும், இருபத்தைந்து வயதில் டாக்டர் ஆன பிறகு ஐந்து வருஷத்துக்குச் சம்மதம் சொல்வதும் ஒன்று இல்லை. இரண்டாவது, மனம் மாறினால் திரும்பி வர வாசல் இருக்கிறதா, அதற்கு என்ன விலை. மூன்றாவது, எந்த மாதிரி இடத்துக்குப் போஸ்டிங் போகும்: பெரிய ஆஸ்பத்திரியா, எல்லையில் ஒரு பட்டாலியனோடு கூடாரத்திலா. நாலாவதுதான் பணம், அதில் கண்ணுக்குத் தெரியாத செலவுகளையும் சேர்த்து. ஐந்தாவது, மேற்படிப்பும் கல்யாணமும். கடைசியாக ஒன்று, இதை யாருமே கேட்பதில்லை: வீட்டில் இருக்கிற நாம் என்ன செய்ய வேண்டி வரும்?

நான்கு வழிகளையும் ஒரு பார்வையில் பார்க்க இந்த அட்டவணை. இதில் கமிஷன் என்றால் அதிகாரியாக நியமனம்; ஷார்ட் சர்வீஸ் என்றால் குறிப்பிட்ட சில வருஷம் மட்டும் அதிகாரி, பெர்மனென்ட் கமிஷன் என்றால் ஓய்வு பெறும் வரை; பாண்டு என்றால் இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று எழுதிக்கொடுக்கிற ஒப்பந்தம். வயது, கட்டுப்பாடு எல்லாம் அந்தந்த வருஷத்து அறிவிப்பில் கொஞ்சம் மாறும், விண்ணப்பிக்கும்போது அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

| வழி | எப்போது சேர்வது | எவ்வளவு காலம் | தொடக்க அடிப்படைச் சம்பளம் (மாதம், ரூபாய்) | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஏ.எஃப்.எம்.சி (பூனா, அதாவது புனே ராணுவ மருத்துவக் கல்லூரி) எம்.பி.பி.எஸ் | பிளஸ் டூ முடித்து, நீட் வழியாக | ஷார்ட் சர்வீஸ் என்றால் 7 வருஷம், பெர்மனென்ட் கமிஷன் என்றால் முழு சர்வீஸ் | கேப்டன் ஆனதும் 61,300 | ஆண், பெண் |
| வெளியே எம்.பி.பி.எஸ், பிறகு ஷார்ட் சர்வீஸ் | டாக்டர் ஆன பிறகு, 30 வயதுக்குள் | 5 வருஷம், விரும்பினால் 14 வரை | கேப்டனாகவே சேர்வது, 61,300 | ஆண், பெண் |
| மிலிட்டரி நர்சிங் பி.எஸ்சி | பிளஸ் டூ முடித்து, நீட் வழியாக | 4 வருஷப் படிப்பு, பிறகு பாண்டுப்படி சர்வீஸ் | லெப்டினன்ட், 56,100 | பெண்கள் மட்டும் |
| நர்சிங் அசிஸ்டன்ட் | பிளஸ் டூ, பதினேழரை முதல் 23 வயது | முழு சர்வீஸ், பென்ஷனுக்குக் குறைந்தது 15 வருஷம் | 21,700 | ஆண்கள் |

இந்தச் சம்பளத்தோடு ராணுவச் சேவைப் படி தனியாக உண்டு: டாக்டர் அதிகாரிகளுக்கு 15,500, மிலிட்டரி நர்சிங் அதிகாரிகளுக்கு 10,800, சிப்பாய்களுக்கு 5,200. அகவிலைப்படி, டாக்டர்களுக்கு 20 சதவீத நான்-பிராக்டிஸ் படி, கஷ்டமான இடங்களுக்கான படி எல்லாம் இதற்கு மேலே.

## ஏ.எஃப்.எம்.சி: சீக்கிரம் போகிற பிள்ளைக்கு

1948-ல் புனேயில் தொடங்கிய கல்லூரி. 150 இடம், அதில் 5 நட்பு நாடுகளுக்கு. மீதி 145-ல் 115 பையன்களுக்கு, 30 பெண்களுக்கு. நம் ஊர்க்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே எந்த இட ஒதுக்கீடும் கிடையாது. தமிழ்நாட்டில் உள்ள 69 சதவீதமும் இல்லை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமும் இல்லை. நம் ஊர் கவர்ன்மென்ட் காலேஜில் நல்ல இடம் கிடைக்கிற மார்க்குக்கு இங்கே அழைப்புகூட வராமல் போகலாம். அது பிள்ளையின் குறை இல்லை.

அழைப்பு வந்தால் புனேயில் ஆங்கிலத்தில் ஒரு தேர்வு, மனநலத் தேர்வு, இன்டர்வியூ, மெடிக்கல். சேர்ந்துவிட்டால் டியூஷன் ஃபீஸ் கிடையாது. தமிழ்நாட்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வருஷத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டுகிற நாளில் இது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்கும் தெரியும்.

ஆனால் அதற்கு ஒரு பாண்டு இருக்கிறது. படிப்பு முடிந்து சர்வீஸுக்கு வராமல் விலகினால் கட்ட வேண்டிய தொகை சமீப வருஷங்களில் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதாவது, இது இலவசச் சீட்டு இல்லை, பிள்ளை தன் வருஷங்களைக் கொடுத்து அடைக்கிற கடன். முடிக்கிறவர்களில் ஒரு பகுதிக்கு பெர்மனென்ட் கமிஷன், ஒரு பகுதிக்கு ஏழு வருஷ ஷார்ட் சர்வீஸ். எது கிடைக்கும் என்று பதினெட்டு வயதில் யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதில் வீட்டின் பங்கு என்ன? முதல் வருஷம்தான் எல்லாமே. காலையில் பி.டி, பரேடு, அதற்குப் பிறகு அனாடமி வகுப்பு, ராத்திரி உட்கார்ந்து படிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் "அம்மா, திரும்பி வந்துவிடட்டுமா" என்று ஒரு போன் அநேகமாக வரும். அந்தப் போனுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று சேர்க்கும் முன்பே கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் "வந்துவிடு கண்ணு" என்றும் இன்னொருவர் "அறுபது லட்சம் யார் கட்டுவது" என்றும் சொன்னால் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது, அந்தப் பையன் படிப்பை முடித்துவிட்டான், ஆனால் அப்பாவோடு பேச்சு சரியாவதற்கு ரொம்ப நாள் ஆனது.

இது யாருக்குச் சரி என்றால், ஸ்கூலில் என்.சி.சி-யில் இருந்து, ஓட்டம், விளையாட்டு, கூட்டமாக வாழ்வது எல்லாம் பிடித்த பிள்ளைக்கு. ராணுவம், கப்பல் படை, விமானப்படை மூன்றின் மருத்துவச் சேவைக்கும் தலைமை ஏற்ற முதல் பெண், வைஸ் அட்மிரல் ஆர்த்தி சரின், இந்தக் கல்லூரியில் படித்தவர்தான், 2024 அக்டோபரில் பொறுப்பேற்றார். பெண் பிள்ளை எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வெறும் ஃபீஸுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

## வெளியே எம்.பி.பி.எஸ், பிறகு ஷார்ட் சர்வீஸ்: யோசித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு

என் மகள் போனது இந்த வழி. அதனால் கொஞ்சம் சார்பாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவர்ன்மென்ட் காலேஜில் எம்.பி.பி.எஸ், ஹவுஸ் சர்ஜன், கவுன்சில் பதிவு எல்லாம் முடித்து, டெல்லியில் இன்டர்வியூ, மெடிக்கல். தேர்வானால் நேராகக் கேப்டன். லக்னோவில் உள்ள ஆர்மி மெடிக்கல் கோர் (ராணுவ மருத்துவப் பிரிவு) சென்டரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. ஐந்து வருஷம் கட்டாயம், விருப்பப்பட்டால் நீட்டித்து மொத்தம் 14 வருஷம் வரை இருக்கலாம், நடுவில் பெர்மனென்ட் கமிஷனுக்கும் முயற்சி செய்யலாம்.

இதில் பெரிய நன்மை, முடிவு எடுக்கும்போது பிள்ளை ஏற்கெனவே டாக்டர். கேஷுவாலிட்டி வாசலில் ரத்தத்தைப் பார்த்தாகிவிட்டது, ராத்திரி டியூட்டி பார்த்தாகிவிட்டது, இது நமக்கு முடியுமா முடியாதா என்று ஓரளவு தெரிந்துவிட்டது. ஐந்து வருஷத்தில் வெளியே வந்தாலும் முப்பது, முப்பத்திரண்டு வயது. வாழ்க்கை முன்னால் கிடக்கிறது.

மறைந்திருக்கிற செலவு எம்.டி, எம்.எஸ். கூடப் படித்தவர்கள் பி.ஜி நீட் எழுதி ஸ்பெஷலிஸ்ட் ஆகிக்கொண்டிருக்கும்போது உங்கள் பிள்ளை எல்லையில் ஒரு யூனிட்டில் காய்ச்சலும் கால் கொப்புளமும் பார்த்துக்கொண்டிருக்கும். ராணுவக் கல்லூரிகளில் உள்ளே இருப்பவர்களுக்கு பி.ஜி இடம் உண்டு, ஆனால் அதற்கும் வரிசை, காத்திருப்பு. என் மகளுக்கு இரண்டாவது வருஷத்தில் இதுதான் பெரிய மனக்கஷ்டம், கூடப் படித்த பெண் எம்.டி சேர்ந்த போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. இன்னொன்று, பதினான்கு வருஷத்தில் வெளியே வந்தால் கிராஜுவிட்டி உண்டு, பென்ஷன் கிடையாது. அதிகாரிகளுக்குப் பென்ஷன் இருபது வருஷத்தில்தான்.

அப்புறம் போஸ்டிங். புது எம்.பி.பி.எஸ் டாக்டரைப் பெரிய கமாண்ட் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆர்.எம்.ஓ (படைப்பிரிவின் மருத்துவ அதிகாரி) என்று ஒரு பட்டாலியனோடு, அல்லது ஃபீல்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பட்டாலியனில் ஒரு சின்ன முதலுதவி நிலையம், உதவிக்கு ஒன்றிரண்டு நர்சிங் அசிஸ்டன்ட், அவ்வளவுதான். அடிபட்டவனை அங்கே உயிரோடு நிலைநிறுத்திப் பின்னால் அனுப்ப வேண்டும், ஃபீல்டு ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து பேஸ் ஆஸ்பத்திரிக்கு. இருபத்தாறு வயதில் தன் மேலே சீனியர் யாரும் இல்லாமல் ஒரு உயிரை வைத்து முடிவு எடுப்பது சாதாரணம் இல்லை. ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு என் மகள் போன் செய்து அரை மணி நேரம் வத்தக்குழம்பு எப்படி வைப்பது என்று மட்டுமே கேட்டாள். அங்கே அவள் சமைக்கவே இல்லை, மெஸ்ஸில்தான் சாப்பாடு. நான் எதுவும் கேட்கவில்லை, சுண்டைக்காயை எண்ணெயில் எப்படி வறுப்பது என்பதிலிருந்து நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனேன். மூன்று மாதம் கழித்து லீவில் வந்தபோது, அன்றைக்கு ஒரு பையனைக் காப்பாற்ற முடியவில்லை என்று அவளாகவே சொன்னாள். பேசட்டும் என்று விட்டதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

இது யாருக்கு: இரண்டு மனதாக இருக்கிற பிள்ளைக்கு. நம் ஊரில் எம்.பி.பி.எஸ் இடம் உறுதியாகக் கிடைக்கிற பிள்ளைக்கு. ஒரே பிள்ளை, அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்கிற வீட்டுக்கும்கூட, ஐந்து வருஷம் என்று ஒரு எல்லை தெரிவதால்.

## மிலிட்டரி நர்சிங்: மகளுக்கு

நாலு வருஷ பி.எஸ்சி நர்சிங், ராணுவ ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த ஆறு கல்லூரிகளில்: புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு. மொத்தம் 220 இடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்க வேண்டும், நீட் மார்க் வேண்டும், உயரம் பார்ப்பார்கள். பெங்களூரு கிடைத்தால் வேலூர், சேலம், தர்மபுரி பக்கத்து வீடுகளுக்குப் பெரிய நிம்மதி, காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் கேட்ட இடம் கிடைக்கும் என்று நம்பி முடிவு எடுக்காதீர்கள்.

சாப்பாடு, தங்குமிடம், உடை எல்லாம் அவர்களே, கூடவே உதவித்தொகை. முடித்ததும் லெப்டினன்ட். தனியார் ஆஸ்பத்திரிகளில் நம் பெண்கள் பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு என்ன சம்பளத்துக்கு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதோடு ஒப்பிட்டால் இந்த நான்கு வழிகளில் பணத்தாலும் மரியாதையாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை அதிகமாக மாறுவது இதில்தான் என்று நான் நினைக்கிறேன், இதை யாரும் போதுமான அளவு சொல்வதே இல்லை.

கல்யாண விஷயம். படிக்கும்போது கல்யாணம் கூடாது, அது உண்மை. கமிஷன் வாங்கிய பிறகு தடை இல்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், பழைய காலத்தில் கல்யாணம் செய்தால் வெளியே அனுப்பும் விதி இருந்தது. 1988-ல் அப்படி வெளியேற்றப்பட்ட ஒரு நர்சிங் அதிகாரிக்கு 60 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த விதி 1995-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில், கல்யாணம் நடக்கும், ஆனால் மாப்பிள்ளை வீட்டில் முதல் பேச்சிலேயே மாற்றல் பற்றிச் சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாறும், அதில் ஒன்று லே, ஸ்ரீநகர் பக்கமாக இருக்கலாம். மறைத்து வைத்து முடித்த சம்பந்தம் எதிர்வீட்டில் எப்படிச் சிக்கலானது என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

போஸ்டிங் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளில்தான், பட்டாலியனோடு முன்வரிசையில் இல்லை. பாதுகாப்பைப் பற்றி அதிகம் கவலைப்படுகிற வீட்டுக்கு இது ஓரளவு ஆறுதல். ஆனால் எல்லையில் ஏதாவது நடந்தால் பேஸ் ஆஸ்பத்திரி வார்டில் ஒரே ராத்திரியில் வந்து சேரும் காயங்களை எல்லாம் பார்க்கப் போவதும் இந்தப் பெண்கள்தான்.

## நர்சிங் அசிஸ்டன்ட்: வீட்டுக்குச் சம்பளம் சீக்கிரம் வேண்டும் என்றால்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எடுத்து மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 40. ஆன்லைன் தேர்வு, பிறகு ஓட்டம், உடற்தகுதி, மெடிக்கல். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் வழியாக. இது அக்னிவீர் இல்லை, நாலு வருஷத்தில் அனுப்பிவிடுகிற வேலை இல்லை, வழக்கமான சிப்பாய் சர்வீஸ். நிறையப் பேருக்கு இது தெரியாமல் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

என் அக்கா மகன் போனது இப்படி. அப்பா இல்லாத பையன், நீட்டுக்கு இரண்டாவது தடவை உட்கார வீட்டில் வசதி இல்லை. லக்னோவில் பயிற்சி தொடங்கியதிலிருந்தே சம்பளம் வந்தது, தங்கை படிப்பு அதில்தான் நடந்தது. மற்ற மூன்று வழிக்கும் இல்லாத பலம் இது.

கஷ்டம் இரண்டு. ஒன்று ஹிந்தி. புனேயில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம், இங்கே கட்டளை, திட்டு, நட்பு எல்லாம் ஹிந்தியில். முதல் மாதம் அவன் பேசவே ஆள் இல்லாமல் தவித்தான், மூன்று நாலு மாதத்தில் சரளமாகிவிட்டது. போவதற்கு முன் இரண்டு மாதம் எண்கள், உடல் உறுப்புகளின் பெயர், வலி, காய்ச்சல் போன்ற சொற்கள் மட்டும் கற்றுக்கொண்டால்கூட அந்த முதல் மாதம் பாதியாகக் குறையும். இரண்டாவது, பதினைந்து, பதினேழு வருஷம் கழித்து வெளியே வரும்போது கையில் நிறைய அனுபவம் இருக்கும், ஆனால் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு வேண்டிய நர்சிங் கவுன்சில் பதிவு அந்தப் பயிற்சியால் தானாக வந்துவிடாது. அதை முன்பே தெரிந்துகொண்டு, சர்வீஸில் இருக்கும்போதே வேறு படிப்பு ஏதாவது முடித்துக்கொள்வது நல்லது. முப்பத்தைந்து வயதில் பென்ஷனோடும் முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டோடும் வெளியே வருவது சின்ன விஷயம் இல்லை.

போஸ்டிங் என்று பார்த்தால் நான்கிலும் அதிகமாக முன்னால் நிற்பவர்கள் இவர்கள்தான். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் "மெடிக்கலில் பாஸ் போட்டுத் தருகிறேன்" என்று அக்காவிடம் மூன்று லட்சம் கேட்டான். ஆள்சேர்ப்பில் எந்த ஆளுக்கும் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

## எந்த வழியானாலும் வீட்டுக்கு வருகிற வேலை

இனி சொல்வது நான்கு வழிக்கும் பொது. இதைத்தான் எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம் என்று நினைப்பேன்.

இன்ஷியல். நம் பிள்ளைகளுக்கு எஸ். பிரியா என்று ஒரு சான்றிதழில், பிரியா செந்தில் என்று ஆதாரில், அப்பா பெயர் வேறு எழுத்தில் பாஸ்போர்ட்டில். ராணுவப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதார், பான், அப்பா அம்மா பெயர் எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். பின்னால் கல்யாணம், குழந்தை எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் (ராணுவத்தின் பணிப் பதிவில்) ஏற வேண்டும், அங்கேயும் இதே எழுத்து.

மெடிக்கல். காதில் அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, டான்சில், தட்டைப் பாதம், கண் பவர், நிறக் குருடு. மாதக்கணக்கில் படித்த பிள்ளை இவற்றில் ஒன்றால் திரும்பி வருவதைப் பார்ப்பது வேதனை. அக்கா மகனை முதல் தடவை காதில் அடைத்திருந்த அழுக்குக்காகத் தற்காலிகத் தகுதியின்மை என்று நிறுத்தினார்கள். பக்கத்து ஊர் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் பத்து நிமிஷ வேலை அது. மறுபரிசீலனை மெடிக்கல் போர்டு என்று ஒன்று உண்டு, அதில் சரியானது, ஆனால் அந்த இடைப்பட்ட நாட்கள் வீடே சாப்பிடவில்லை.

போன். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டாக மாற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். இதைத் தெரியாமல் எத்தனை அம்மாக்கள் "சுவிட்ச் ஆஃப்" கேட்டு அழுதிருப்பார்கள். உயரமான இடத்துக்குப் போகும்போது உடம்பு பழக நாள் கொடுப்பார்கள்: 9,000 அடியிலிருந்து 12,000 வரை ஆறு நாள், 15,000 வரை இன்னொரு நாலு நாள், அதற்கு மேலே மறுபடி நாலு நாள். அந்த நாட்களில் சரியாகப் பேச முடியாமல் போகலாம், அதற்கு மோசமான அர்த்தம் எதுவும் இல்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள், சொல்லக்கூடாத பதிலைச் சொல்ல வைக்காதீர்கள். அனுப்பிய போட்டோவை உறவினர் குரூப்பில் போடாதீர்கள். முகவரி கேட்டால் யூனிட் பெயரும் 56 ஏ.பி.ஓ போன்ற ராணுவத் தபால் நிலைய எண்ணும்தான் இருக்கும், தபால் போய்ச் சேர்ந்துவிடும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் நான் அப்படித்தான் அனுப்புகிறேன். எண்ணெய் வழியாமல் கட்டினால் போதும்.

தினமும் பேச வேண்டும் என்று நான் முதலில் பிடிவாதமாக இருந்தேன். ஒரு நாள் போன் வரவில்லை என்றால் தூக்கம் போய்விடும், மறுநாள் அவளிடம் கோபப்படுவேன், அவள் டியூட்டியின் நடுவில் என்னைச் சமாதானப்படுத்துவாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை நிச்சயம், மற்ற நாள் ஒரு குட் மார்னிங் வந்தால் சரி. இருவருக்கும் நிம்மதி.

லீவு. அதிகாரிகளுக்கு வருஷத்துக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 20 நாள் கேஷுவல். சிப்பாய்களுக்கு 60, 30. நாள் கணக்கு நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் கேட்ட நாளில் கிடைக்காது. தீபாவளிக்கு எல்லாருக்கும் லீவு கொடுத்துவிட்டால் ஆஸ்பத்திரியை யார் பார்ப்பது? கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் மூன்று நாள் ஓடுகிறது, அதனால் எல்லாரும் கடைசி நேர விமானத்துக்குத்தான் போகிறார்கள். இந்த விமானச் செலவை "இலவசப் படிப்பு" என்ற கணக்கில் யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் மகள் வருகிற நாளில் பொங்கல் வைக்கிறோம், தை ஒன்றாம் தேதிதான் என்று இல்லை.

அப்பா அம்மாவின் மருத்துவம். பிள்ளை ராணுவத்தில் இருந்தால் நமக்கும் ராணுவ ஆஸ்பத்திரி என்று நினைக்கிறார்கள். பெற்றோருக்கு வருமான வரம்பு உண்டு, அகவிலைப்படி தவிர்த்து மாதம் 9,000 ரூபாய். ஓய்வூதியம் வாங்குகிற ஆசிரியர், வங்கி ஊழியர் பலர் அதற்குள் வரமாட்டார்கள். உங்கள் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணி பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.நா. அமைதிப் படையில் காங்கோ, தெற்கு சூடான் என்று இந்திய ராணுவ மருத்துவர்கள் போகிறார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கி பூகம்பத்தின்போது இஸ்கெண்டெருனில் ஆஸ்பத்திரி போட்டது 60 பாரா ஃபீல்டு ஆஸ்பத்திரி. அதே படைப்பிரிவை 1950-ல் கொரியப் போருக்கு நடத்திப் போனவர் ஒரு தமிழர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது வாங்கியவர். அந்தக் காலத்தில் அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் வர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், என் ஞாயிற்றுக்கிழமைப் போன் எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று தோன்றும்.

## எந்த வீட்டுக்கு எது

பிள்ளைக்கு ராணுவம் என்பதில் சந்தேகமே இல்லை, மார்க்கும் இருக்கிறது: ஏ.எஃப்.எம்.சி. அரசுக் கல்லூரி இடம் உறுதி, ராணுவம் பிடிக்கும் ஆனால் உறுதி இல்லை: இங்கே படித்துவிட்டு ஷார்ட் சர்வீஸ். மகளுக்கு நர்சிங் பிடிக்கும்: தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் மிலிட்டரி நர்சிங்குக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். வீட்டுக்கு இப்போதே வருமானம் வேண்டும், பையன் ஓடக்கூடியவன், உயிரியல் படித்தவன்: நர்சிங் அசிஸ்டன்ட்.

ராணுவம் பிள்ளைக்கு வேண்டாம், ஃபீஸ் இல்லாத டாக்டர் சீட்டு அப்பாவுக்கு வேண்டும் என்றால், நான்கில் எதுவுமே வேண்டாம். இன்னொரு வருஷம் நீட் எழுதட்டும், அல்லது வேறு படிக்கட்டும். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாண்டில் கையெழுத்துப் போடுவது அப்பாவும்தான், ஆனால் மைனஸ் பத்து டிகிரியில் நின்று ஊசி போடப் போவது பிள்ளை.

கூட வேலை பார்க்கும் அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்ன பிறகு, பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்: இங்கே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜிலும் சீட், பூனாவிலும் சீட், இரண்டும் ஃபீஸ் இல்லாமல் கிடைத்தால் எங்கே போவாய்? நேற்று வந்து சொன்னார், பையன் யோசிக்கவே இல்லையாம், பூனா என்றானாம். சரி, அப்படியென்றால் கவுன்சலிங்குக்கு முன்னால் காதையும் மூக்கையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு, ஆதாரில் இன்ஷியலையும் சரிபார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.